லேசாக ஒரு திருகு

மாதேஸ்வரி ஜப்பானுக்குப் புறப்பட்டது ஆடி மாதம் மூன்றாவது வியாழக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணிக்கு. கம்பெனி அனுப்பும் பயிற்சி, எட்டு மாதம். பெட்டிகளை வண்டியில் ஏற்றியாயிற்று, தளியிலிருந்து முந்தின நாள் பஸ்ஸில் வந்திருந்த அம்மாவுக்குக் கன்னடத்திலும் அப்பாவுக்குத் தமிழிலும் ஆறுதல் சொல்லியாயிற்று, டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தாயிற்று. அவளோ பக்கத்து வீட்டுப் பரமசிவத்தின் கூடத்தில், இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே இருந்த இருபத்திரண்டு இறால்களிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

இறால் என்றதும் தொக்கை நினைத்தவர்கள் அந்த நினைப்பை அடுப்பிலிருந்து இறக்கிவிடலாம். இவை நல்ல தண்ணீரில் வாழும் அழகு இறால்கள். சுண்டுவிரலில் ஒரு கணு நீளம். வெளிறிய நீலத்தில் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த பத்தை வைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நிறம் அடர்ந்தவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, மூன்று வருடத்தில் அந்த நீலத்தைப் பேனா மை நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அந்த நிறம் இந்த ஒரு தொட்டியில்தான் இருந்தது.

"அண்ணா, இன்னொருக்கா சொல்லிடறேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு சிட்டிகை தீனி. மாசத்துக்கு ஒரு வாதாம் எல. தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்குனா மட்டும் கேன் தண்ணிய சொட்டு சொட்டா வுடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"பாத்துக்கிடுதேம்மா. நீ தைரியமாப் போ."

"இதுங்களுக்கு ஆயுசே ஒன்றர வருசந்தாண்ணா. இதுல பாதி இப்பவே வயசானதுங்க. நான் வர்றதுக்குள்ள குஞ்சு பொரிக்கணும், இல்லன்னா மூணு வருசம் போச்சு. தண்ணி ஒரே மாதிரி இருந்தா தானா பொரிக்கும். நீங்க சும்மா இருந்தா போதும்."

"சும்மாதான இருக்கப் போறேன்."

காபித் தம்ளரோடு நின்றிருந்த அவர் மனைவி பேச்சியம்மாள், "இவரா" என்று மட்டும் கேட்டாள். வண்டி புறப்படும் அவசரத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

விழுந்திருக்க வேண்டும். ஏனென்றால் பரமசிவம் ஒரு திருகு ஆசாமி.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் இருக்கிறார்கள்; பாஷை மாறும், விரல் மாறாது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும் முன்பே ஃபேன் ரெகுலேட்டரை மூன்றிலிருந்து நான்குக்குத் திருப்பி, ஐந்து நிமிடத்தில் அது அதிகம் என்று கண்டு மறுபடி மூன்றுக்கே கொண்டுவருபவர். லிப்டில் ஏற்கெனவே எரிகிற பொத்தானை இன்னொரு முறை அமுக்கி அதற்கு உற்சாகம் ஊட்டுபவர். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரரின் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேராகவே தமக்குப் பிடித்த கோணத்தில் திருப்பிவைப்பவர். கல்யாண வீட்டில் குத்துவிளக்குத் திரியைத் தூண்டித் தூண்டிக் கடைசியில் அணைத்துவிட்டு, எண்ணெய் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்பவர். இவர்கள் கெட்டவர்களா? இல்லை. சோம்பேறிகளா? அப்படி இருந்திருந்தால் நமக்கல்லவா நிம்மதி. நன்றாக ஓடுகிற எதைப் பார்த்தாலும் இவர்களுக்கு ஒரு சிறு மனத்தாங்கல் வரும்: என்னைக் கேட்காமல் இது எப்படி ஓடுகிறது?

இவர்களுக்கு ஒரே சொல்தான். லேசா. "லேசா கூட்டுவோம்", "லேசாக் கொறச்சுப் பாப்போம்", "லேசா ஒரு திருகு, சரியாப் போயிரும்." பெரிதாக மாற்றுகிறவனைப் பிடித்து நிறுத்திவிடலாம். லேசாக மாற்றுகிறவனை எப்படிப் பிடிப்பது?

இதில் வேடிக்கை என்னவென்றால், பரமசிவத்துக்குச் சம்பளம் கொடுப்பதே திருகாதே என்று சொல்வதற்குத்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர் அவர். வண்டிகளுக்கான சிறு இரும்பு உருளைகளைக் கடைவது அங்கே வேலை. மிஷினில் ஆப்செட் என்று ஒன்று உண்டு. அதில் ஓர் எண்ணை மாற்றினால் வெட்டும் உளி ஒரு மயிரிழை உள்ளே போகும் அல்லது வெளியே வரும். திங்கட்கிழமைதோறும் பத்து நிமிடம் ஆப்பரேட்டர்களை நிற்கவைத்து அவர் வகுப்பெடுப்பார்.

"மிஷினுக்குன்னு ஒரு ஆட்டம் உண்டு. எல்லைக்குள்ள ஆடுச்சுன்னா அது அதோட சுபாவம். நீ ஒவ்வொரு பீசையும் அளந்து பாத்து, கூடுனா கொறச்சு, கொறஞ்சா கூட்டுனேன்னு வையி, மிஷின் ஆட்டத்தோட ஓம் பதட்டமும் சேந்து ஆடும். நல்ல பீசும் கெட்டுப்போகும். எல்லைக்குள்ள இருந்தா என்ன செய்யணும்?"

"கையைக் கட்டணும் சார்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

ஆனி மாதத்தில்கூட, ஒரே ஷிப்டில் நாற்பத்தோரு முறை ஆப்செட்டை மாற்றியதற்காகச் சென்றாயன் என்ற ஆப்பரேட்டருக்கு அவர் மெமோ கொடுத்திருந்தார். தொழிற்சாலையின் வாசலைத் தாண்டியதும் இந்த ஞானத்தை ஹெல்மெட்டோடு சேர்த்து மாட்டிவிட்டு வந்துவிடுவார் என்பதுதான் விஷயம். வீடு என்பது மிஷின் இல்லையே.

ஐந்து நாள் அவர் சும்மா இருந்தார். இதை அவர் கணக்கில் வரவு வைத்துவிடலாம். ஆறாம் நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டே தொட்டியைப் பார்த்தவருக்குப் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. வாதாம் இலைக்குப் பக்கத்தில் ஒரு பிணம். மீசை இருந்தது, கால்கள் இருந்தன, வால் விசிறி இருந்தது, உயிர்தான் இல்லை. நீலமெல்லாம் வடிந்து கண்ணாடித்தாள் போல வெளுத்து, ஒருக்களித்துக் கிடந்தது.

"பேச்சி, ஒண்ணு போயிருச்சு."

"ஐயய்ய. அந்தப் புள்ளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"காரணத்தக் கண்டுபிடிக்காம என்னத்தச் சொல்ல?"

தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு: கோளாறு வந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். பரமசிவம் கேட்டார். ஏன் செத்தது? தண்ணீர் சரியில்லை. ஏன் சரியில்லை? தெரியாது. ஏன் தெரியாது? அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை? கருவி இல்லை. ஏன் இல்லை? வாங்கவில்லை. இந்த யோசனையில் யாரும் ஓட்டை சொல்ல முடியாது, முதல் பதில் தப்பு என்பதைத் தவிர. மூன்றாம் நாள் பார்சல் வந்தது: தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், அமிலமா காரமா என்று சொல்லும் பேனா, மிதக்கும் தெர்மாமீட்டர், சொட்டு விட்டால் நிறம் மாறும் சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பேச்சியம்மாள் தன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

மீட்டர் 231 என்றது. மாதேஸ்வரி எழுதிவைத்திருந்த சீட்டில் "உப்பு இருநூறு, இருநூத்தம்பது பக்கம் இருக்கும், கவலை வேணாம்" என்று இருந்தது. பதினெட்டு வருடம் மயிரிழையை எட்டாகப் பிளந்து அளந்த மனிதரிடம் போய்ப் பக்கம் என்று எழுதலாமா? இருநூறு என்றால் இருநூறு. மேலே ஐந்து, கீழே ஐந்து விட்டுக்கொடுக்கலாம். ஒரு வரைபடத்தாளில் மேல் எல்லை, கீழ் எல்லை என்று சிவப்புக் கோடுகள் போட்டுத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினார். பிறகு லேசாக இரண்டு ஜக் கேன் தண்ணீர் ஊற்றினார். 168. அடடா. ஓசூர் போர்த் தண்ணீருக்கு உப்புப் பஞ்சமே கிடையாது. பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் மறுநாள் வெள்ளையடித்தது போல நிற்கும். அதில் லேசாக ஒரு சொம்பு. 239. மறுபடி கேன். மறுபடி போர்.

மறுநாள் காலை மூன்று பிணங்கள்.

இப்போது புரிந்ததா உங்களுக்கு? அவருக்குப் புரிந்தது வேறு. தண்ணீரில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது, தான் மட்டும் திருகாமல் இருந்திருந்தால் இருபத்திரண்டும் போயிருக்கும். ஆகவே இன்னும் திருகினார். காலை ஷிப்டுக்கு முன் ஓர் அளவு, வந்ததும் ஓர் அளவு, சாப்பிட்டபின் ஓர் அளவு. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு ஜக்கோ சொம்போ. ஆவணி பிறந்தபோது சுவரில் இருந்த கோடு ரம்பத்தின் பல் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இறால்களில் சில தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதுமே பாசிக்குள் ஓடி ஒளியக் கற்றுக்கொண்டன.

தொழிற்சாலையில் கழிக்கப்பட்ட துண்டுகளை உடனே எறிந்துவிட மாட்டார்கள். காரணம் தெரியும்வரை ஒரு சிவப்புப் பெட்டியில் வைத்திருப்பார்கள். பரமசிவம் பேச்சியம்மாளின் சிவப்பு மூடி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டார். அடியில் பஞ்சு விரித்து, ஒவ்வொரு சடலத்தையும் ஸ்பூனில் எடுத்து உலர்த்தி, எண், தேதி, கிடந்த இடம் எழுதிய துண்டுச் சீட்டோடு வரிசையாகப் படுக்கவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜப்பானிலிருந்து செய்தி வரும்: "எப்படி இருக்காங்கண்ணா?" அவர் டப்பாவை ஒரு பார்வை, தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஸ்டேபிள்" என்று பதில் போடுவார். எழுதி முடித்ததும் தண்ணீர் குடிப்பார்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், தோசைக்கு அவர் உட்கார்ந்திருந்தபோது பேச்சியம்மாள் கேட்டாள்: "டப்பாவுல எத்தன இருக்கு?"

"முப்பத்தொண்ணு."

"தொட்டியில?"

"நேத்து எண்ணுனேன். பாசிக்குள்ள இருக்கதச் சேத்து இருபது."

"அந்தப் புள்ள குடுத்துட்டுப் போனது இருபத்திரண்டு. அதுல முப்பத்தொண்ணு செத்து, மிச்சம் இருபது உசுரோட இருக்கா? ரேஷன் கடையிலகூட இப்பிடிக் கணக்கு வராதுங்க."

பரமசிவம் தோசையைப் பிய்த்தபடியே யோசித்தார். "அவ எண்ணுனதுல தப்பு இருக்கும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு, பத்து மணிக்கு, சென்றாயன் வெற்றிலைத் தட்டோடு வந்தான். கெலவரப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய கிராமம் அவனுக்கு. ஐப்பசியில் தங்கைக்குக் கல்யாணம். மெமோ கொடுத்தவராக இருந்தாலும் பத்திரிகை வைக்காமல் இருக்க முடியுமா? வைத்தான், வணங்கினான், பேச்சியம்மாள் கொடுத்த காபியை வாங்கினான். பரமசிவம் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, அவன் கண் சுவருக்குப் போயிற்று. ஏறி இறங்கும் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். காபியைக் கீழே வைத்தான்.

"இது எந்த மிஷின் சார்?"

"ஏன் கேக்க?"

"இல்ல, நான் நாப்பத்தோரு தடவ கை வெச்சதுக்கே மெமோ குடுத்தீங்க. இவன் ஒவ்வொரு பீசுக்கும் கை வெக்கறான் சார். ஏத்தறான், எறக்கறான், மறுக்கா ஏத்தறான். மிஷின்ல ஒண்ணும் இல்ல, ஆளுதான் ஆட்றான். இவன மொதல்ல அந்த எடத்துலருந்து தூக்குங்க."

பரமசிவம் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"தம்பி," என்றாள் பேச்சியம்மாள் சமையலறை வாசலிலிருந்து, "அத ஓட்டுதவரு ஒங்களுக்கு முன்னாடிதான் ஒக்காந்திருக்காரு."

சென்றாயன் எழுந்து நின்றுவிட்டான். "சார், நான் தெரியாம..."

"ஒக்காரு" என்றார் பரமசிவம். "செத்துப்போகுது சென்றாயா. நான் என்ன செய்ய? விட்டுட்டுப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?" சிவப்பு மூடி டப்பாவைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துத் திறந்தார். முப்பத்தொன்று, எண்ணிட்டு, தேதியிட்டு.

சென்றாயன் ஒன்றை விரல்நுனியில் எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தான். லேசாக ஊதினான், அது பறந்து பத்திரிகை மேல் விழுந்தது.

"சார், உள்ள ஆளே இல்ல."

"என்னது?"

"இது சட்ட சார். பாம்பு உரிக்கற மாதிரி இதுங்களும் உரிக்கும். வளர வளர உரிச்சிப் போட்டுட்டுப் போயிகினே இருக்கும். எங்க வாய்க்கால்ல எவ்ளோ கெடக்கும். தண்ணி திடீர்னு மாறுச்சுன்னா, புது மழைத் தண்ணி எறங்குச்சுன்னா, அன்னிக்கு எல்லாம் ஒரே நேரத்துல உரிக்கும்."

பரமசிவம் டப்பாவைப் பார்த்தார். உடல்கள் என்று அவர் துக்கம் காத்த அத்தனையும் துணிமணி. பதினொன்றாம் எண் சடலத்துக்காக அவர் ஒரு நாள் சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போன பிறகும் சிரிப்பு வெளியேதான் கேட்டது.

ஆனால் சென்றாயன் சிரிக்கவில்லை. வரிசையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தவன் இரண்டைத் தனியாக எடுத்து வைத்தான். அவை கண்ணாடித்தாள் போல இல்லை. இளஞ்சிவப்பாக, கனமாக இருந்தன. "இது ரெண்டும் நெசமாவே போனதுங்க." இன்னும் நான்கை எடுத்தான். சட்டைகள்தான், ஆனால் வயிற்றுப் பக்கத்தில் காய்ந்த கடுகு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. "இது முட்ட சார். வயித்துல வெச்சிகினு இருந்திருக்கு. தண்ணி மாறவும் அவசரத்துல சட்டையோட முட்டையையும் கழட்டிப் போட்டிருக்கு."

நான்கு தாய்கள். மாதேஸ்வரி கேட்டது அதைத்தானே? அந்த நிறத்தின் அடுத்த தலைமுறையை அவர் பஞ்சின் மேல் அடுக்கிச் சீட்டு எழுதி வைத்திருக்கிறார். பரமசிவம் டப்பாவை மூடினார். பிறகு, "இனிமே கை வைக்கலே" என்றார்.

"இத நம்பாதீங்க தம்பி" என்றாள் வெளியே வந்த பேச்சியம்மாள். "கம்பெனியில செட்டிங்க மாத்தணும்னா என்னமோ சீட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கணுமாமே, அது இங்கயும் வேணும். இவரு எழுதட்டும். நீங்க கையெழுத்துப் போடுங்க."

அப்படித்தான் ஓசூர் தொழில் வரலாற்றில் முதல் முறையாக ஒரு சூப்பர்வைசர் தன் ஆப்பரேட்டரிடம் அனுமதி கேட்டு எழுதத் தொடங்கினார். அந்தச் சீட்டுக்குத் தொழிற்சாலையில் டீவியேஷன் என்று பெயர். தேநீர் இடைவேளையில் அவர் அதை நீட்டுவார். சென்றாயன் கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, பேனாவைக் கேட்டு வாங்குவான்.

"உப்பு 221லிருந்து 227. ஒரு தம்ளர் கேன் தண்ணீர் சேர்க்க அனுமதி வேண்டும்." கீழே: "வேண்டாம். செ."

"வெப்பம் 20. சிறிய ஹீட்டர் பொருத்த அனுமதி வேண்டும்." கீழே: "வாய்க்காலுக்கு யாரும் ஹீட்டர் போடல. வேண்டாம். செ."

"ஓர் இறால் நேற்றிலிருந்து மூலையில் தனியாக நிற்கிறது. காரணம் கண்டறிய அனுமதி வேண்டும்." கீழே: "அதுக்கும் வூட்ல ஏதாவது இருக்கும். வேண்டாம். செ."

திருகு ஆசாமியின் கையைக் கட்டினால் திருகு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அது வேறு வழியில் வெளியே வரும். அந்த மாதம் பரமசிவம் கிரைண்டரின் பெல்ட்டை லேசாக இறுக்கினார், அறுந்தது. டிவியின் நிறத்தை லேசாகச் சரிசெய்தார். செய்தி வாசிப்பவர் பச்சையானார். சாம்பாரில் லேசாகப் புளி கூட்டினார். "தம்பிகிட்டச் சொல்லி அடுப்புக்கும் சேத்து ஒரு சீட்டுப் போடணும்" என்றாள் பேச்சியம்மாள். ஆனால் தொட்டியின் மேல் சுவரில் ரம்பப் பற்கள் மழுங்கி, மழுங்கி, ஐப்பசி நடுவில் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. இருநூற்றில் அல்ல, இருநூற்றிருபத்தைந்தில். தண்ணீருக்குப் பிடித்த இடம் அதுதான் போலிருக்கிறது.

ஐப்பசிக் கடைசியில் பேச்சியம்மாள்தான் முதலில் பார்த்தாள். "இந்தாருங்க, இது வயித்துக்கடியில கடுகு மாதிரி வச்சிருக்கே."

மறுவாரம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. வால்பக்கத்துக் குட்டிக் கால்களால் முட்டைகளை விசிறிக்கொண்டே மேய்ந்தன. பொரிக்க நான்கு வாரம் ஆகும். அந்த நான்கு வாரமும் பரமசிவம் கர்ப்பிணி மகளை வீட்டில் வைத்திருப்பவர் போல நடந்தார். டிவி சத்தத்தைக்கூடக் குறைத்தார். நல்லவேளை, அதற்கு யார் அனுமதியும் தேவையிருக்கவில்லை.

முதல் தாய்க்கு இருபத்திரண்டாம் நாள், கார்த்திகை மழையில், பகல் பதினொரு மணிக்குக் கரண்டு போயிற்று. தொட்டியின் மோட்டார் நின்றது. குமிழிகள் நின்றன. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். முந்தின வாரம் அதையும் லேசாகத் திறந்து பார்த்திருந்தார்.

ஒரு மணி நேரம் பொறுத்தார். இரண்டு. சென்றாயனுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், மிஷின் பக்கத்தில் போனுக்கு அனுமதியில்லை. மூன்றாவது மணியில் அவர் கையில் ஒரு ஜக் இருந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

"என்ன செய்யப் போறீங்க?"

"லேசா மேலேருந்து ஊத்துனா காத்து கலக்கும் பேச்சி. மூச்சு முட்டிச் சாகுமே. பழைய தண்ணிய மோந்து அதத்தான் ஊத்தப் போறேன்."

"அது மூச்சு முட்டுதுன்னு ஒங்ககிட்டச் சொல்லுச்சா?"

பரமசிவம் பார்த்தார். தாய் இறால் இலையின் மேல் உட்கார்ந்து முன்போலவே விசிறிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டியது அவருக்குத்தான்.

"ஊத்தி, அது பயந்து சட்டையக் கழட்டிருச்சுன்னா?" என்றாள் பேச்சியம்மாள். ஜக்கை வாங்கிக்கொண்டாள். ஊறுகாய்க்கு வாங்கிவைத்திருந்த பூண்டுப் பையை அவர் முன் கவிழ்த்தாள். "கை சும்மா இருந்தாத்தான இழுக்கும். உரிங்க."

இரண்டு கிலோ. இருவரும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து உரித்தார்கள். ஒரு பல் உரிப்பார், தொட்டியைப் பார்ப்பார். ஒரு பல் உரிப்பார், மோட்டாரைப் பார்ப்பார். நாலே காலுக்குக் கரண்டு வந்தபோது அவர் நகக்கண்ணெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. குமிழிகள் கிளம்பின. தாய் இலையைவிட்டு எழுந்து பாசிப் பக்கம் போயிற்று. முட்டைகள் அப்படியே இருந்தன.

ஆறாம் நாள் காலை, அதே வாதாம் இலைமேல், எறும்பைவிடச் சின்னதாக, ஆனால் மீசை முதல் வால் வரை முழு இறாலாக, ஒன்று நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. பரமசிவம் நாற்பது வரை எண்ணினார். மறுநாள் எண்ணியபோது வேறு எண் வந்தது. மூன்றாம் நாள் எண்ணவில்லை. அவர் வாழ்க்கையில் அது பெரிய காரியம்.

பங்குனியில் மாதேஸ்வரி வந்து இறங்கியபோது தொட்டியில் நூற்றுக்கு மேல் இருந்தன. பெரிய இறால்களில் பாதி வயதாகிப் போயிருந்தன; ஆனால் குஞ்சுகள் வளர்ந்து நிறம் பிடித்திருந்தன, அதே மை நீலம், சிலவற்றில் இன்னும் ஒரு சாயல் ஆழம். அவள் மறுபடி அதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணா, எங்கிட்டயே இவ்ளோ பொரிச்சதில்ல. என்ன பண்ணீங்க?"

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதர் சிவப்பு மூடி டப்பாவை எடுத்துவந்திருப்பார். பரமசிவம் சுவரிலிருந்து வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார்; கடைசி ஐந்து மாதத் தாள்களை மட்டும். சிவப்புக் கோடுகளுக்கு மேலே, குளத்துத் தண்ணீர் போல, அசையாமல் ஓடும் ஒரு கோடு. "முன்னாடி ரெண்டு மாசத்துது?" என்று கேட்டாள். "அது ரிவிஷன்ல இருக்கு" என்றார். பேச்சியம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார். மாதேஸ்வரி அந்தத் தாள்களைப் பட்டுப்புடவையைப் போலப் பத்திரமாக, மடிக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு, தொட்டியோடு கிருஷ்ணகிரியில் புதிய வேலைக்குப் போய்விட்டாள்.

இதுவரை படித்த நீங்கள், பரமசிவத்தைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். சிரிக்கலாம், குற்றமில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நடுவே எங்கேயாவது, அந்த மனிதர் ஜக்குக்குப் பதிலாக ஸ்பூனில் ஊற்றியிருக்கலாமே என்றோ, எல்லையை ஐந்துக்குப் பதில் பத்தாக வைத்திருக்கலாமே என்றோ உங்களுக்குத் தோன்றியதா? கரண்டு போனபோது ஒரு யோசனை கைவசம் வைத்திருந்தீர்களா? அப்படியானால் வீட்டில் பூண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசியில் பரமசிவத்துக்கு வந்த செய்தியைக் கீழே அப்படியே தருகிறோம். அவர் இன்னும் பதில் எழுதவில்லை; நான்கு பக்கம் எழுதிக் கிழித்தார் என்று கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் எழுத உங்களால் முடியுமா என்று பாருங்கள்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா, அக்கா நல்லா இருக்காங்களா. நீங்க குடுத்த சார்ட்ட ஃப்ரேம் போட்டு தொட்டிக்கு மேலயே மாட்டியிருக்கேன். அந்தக் கோடு மாதிரியே வரணும்னு காலைல ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா தண்ணிய லேசா சரி பண்ணிட்டுத்தாண்ணா இருக்கேன். வரவே மாட்டேங்குது. ஆறு மாசமா ஒரு குஞ்சுகூட இல்ல. அந்த அஞ்சு மாசம் நீங்க தெனமும் என்ன என்ன பண்ணீங்கன்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க. நானும் அப்படியே பண்றேன்."